வளைந்த இடத்தில் அளந்தார்கள்

என்னுடைய இஞ்சாருங்கோவுக்கு,

பதினான்கு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொன்னதில்லை. இன்று இதை வாசிக்கிறவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியவேண்டும் என்பதற்காக முதன்முறையாக எழுதுகிறேன்: சிவகுருநாதன். நாங்கள் குடிவந்த இந்தப் பனி நாட்டில், ரெக்ஸ்டேலில், அலுமினியக் கம்பி செய்யும் தொழிற்சாலையில் உலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பகல் பதினொரு மணிக்கு அங்கேயே இறந்தவர்.

நேற்று உங்கள் இரண்டாவது ஆட்டைத் திவசம். றிச்மண்ட் ஹில் கோயிலில் அர்ச்சனை முடித்துவிட்டு, சப்பாத்துக் கழற்றும் இடத்தில் குனிந்து நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்திக்குச் சொன்னாள்: "உவவின்ர மனிசன்தான், பாரத்தைக் கூடக் கொளுவிப்போட்டுச் செத்தவர்." நான் திரும்பவில்லை. சப்பாத்து நாடாவைக் கட்டி முடித்தேன். பஸ்ஸில் ஏறியதும் முடிவு செய்தேன், இந்தக் கடிதத்தை உங்கள் படத்துக்கு முன்னால் வைக்காமல் பத்திரிகைக்குக் கொடுப்பதென்று. அவளும் வாசிக்கட்டும்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, ஒருநாள் வேலையால் வரும்போது இரண்டு மெல்லிய கம்பிகளைக் கொண்டுவந்தீர்கள். நான் குழம்பை இறக்கிக்கொண்டு நின்றேன். ஒன்றைத் தந்து வளைக்கச் சொன்னீர்கள். ஈர்க்குப் போல வளைந்தது. "இப்ப அதை நிமித்தும், பாப்பம்" என்றீர்கள். நிமிர்த்தப் பார்த்தேன். வளைந்த இடம் அசையவில்லை. அதற்குப் பக்கத்தில் புதிதாக வளைந்தது. உங்களுக்கு ஒரே சிரிப்பு.

பிறகு விளங்கப்படுத்தினீர்கள். கம்பியை முதலாவது உலையில் உருகாத அளவுக்குக் காய்ச்சித் தண்ணீரில் இறக்குவார்கள். அப்போது அது மெத்தென்று இருக்கும். இரண்டாவது உலையில், குறைந்த சூட்டில், மணிக்கணக்காக வைத்தால்தான் முழுப் பலமும் வரும். "ரெண்டாம் உலை காணாத கம்பி, வளையிற இடத்தில தானாய் இறுகும். மிச்ச இடம் முந்தின மாதிரி மெத்தெண்டு கிடக்கும். உலை கண்ட கம்பி அப்பிடியில்லை. எங்க தொட்டாலும் கிட்டத்தட்ட ஒரே இறுக்கம்தான்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? சோறு ஆறுது, வாங்கோ என்றேன்.

நீங்கள் போன பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். செத்தவீட்டுக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தவன் யோகன் மட்டும்தான். மட்டக்களப்புப் பெடியன், உங்களோடு ஒன்றாகச் சாப்பிட்டவன், பாரம் தூக்கும் இயந்திரத்தின் பொத்தானை அமத்துகிறவன். மற்றவர்கள் பூ அனுப்பினார்கள். யோகன் ஒரு மூலையில் இருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கம் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் விபத்து அறிக்கை தபாலில் வந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து கம்பிக் கட்டைத் தூக்கும் அலுமினியச் சட்டம் வளைந்து, கட்டு வழுக்கி, பக்கத்தில் நின்ற உங்கள்மேல் விழுந்ததென்று எழுதியிருந்தது. அதுவரை உண்மை. சட்டம் ஏன் வளைந்தது? ஒரு கட்டுத் தூக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இரண்டு கட்டைக் கொளுவினீர்களாம். சட்டத்துக் கம்பியின் இறுக்கத்தை அளந்து பார்த்தார்களாம், அது சரியாக இருந்ததாம். ஆகவே பிழை உங்களுடையது. கீழே சாட்சியின் கையெழுத்து. யோகன்.

அன்று நான் அழவில்லை. வாசித்தேன். யாழ்ப்பாணத்தில், அரசாங்கக் கச்சேரியில், ஒன்பது வருடம் அறிக்கைகள் தட்டச்சுச் செய்தவள் நான். பொய் சொல்கிறவர்கள் முதல் பக்கத்தில்தான் கவனமாக இருப்பார்கள். கடைசியில் வரும் இணைப்புத் தாளை ஒருவரும் வாசிப்பதில்லை என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் இணைப்புத் தாளை வாசித்தேன்.

அதில் வளைந்த கம்பியின் படம் இருந்தது. இறுக்கம் அளந்த இடங்களைப் பெருக்கல் குறி போன்ற சின்னப் புள்ளடி போட்டுக் காட்டியிருந்தார்கள். மூன்று புள்ளடி. மூன்றும் வளைவின் மேல். நேரான பகுதியில் ஒன்றுகூட இல்லை. அளவுகள் மூன்றும் இருக்கவேண்டிய ஆகக் குறைந்த எல்லையைத் தொட்டும் தொடாமலும் நின்றன.

நீங்கள் கம்பியைத் தந்த அதே குசினியில், சாப்பாட்டு மேசையில், கையில் ஒரு கம்பியும் இல்லாமல், வளைந்த இடம் அசைய மறுத்தது என் விரல்களுக்கு நினைவுக்கு வந்தது. வளைந்ததால் இறுகிய இடத்தில் அளந்துவிட்டு, கம்பி எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். தெரியாமல் செய்தார்களா, தெரிந்து செய்தார்களா?

இனி எழுதப்போவதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. இறப்பதற்கு நாலு நாளுக்கு முன் நீங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னீர்கள், "போர்மன் றொன் புதுத் தூக்குச் சட்டம் அடிச்சிருக்கிறான். அதுக்குப் போட்ட கம்பி ரெண்டாம் உலை காணேல்லை. சொன்னனான், கேக்கிறானில்லை. மனேஜரிட்டை எழுதிக் குடுக்கப்போறன்." நான் சொன்னது இது: "அவனோட தனகாதேங்கோ. இருக்கிற வேலையையும் விட்டுட்டு என்ன செய்யிறது? பேசாமல் இருங்கோ."

நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். என் சொல்லைக் கேட்டீர்கள்.

ஆகவே நான் பழிவாங்க வேண்டியவர்களின் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அதை மறைத்து மற்றவர்களின் பெயரை மட்டும் எழுதுவது சரியில்லை.

என் கடவுச்சீட்டில் இருந்தது அப்பாவின் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பெயரில் உங்கள் தொழிற்சாலைக்கே வேலைக்கு மனுப்போட்டேன். கம்பிகளைக் கடதாசியில் சுற்றிக் கட்டும் வேலை கிடைத்தது. முதல் நாள் புதிய ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன் றொன். பாரம் கூடக் கொளுவினால் என்ன நடக்கும் என்பதற்கு உங்களை உதாரணம் காட்டினான். பெயர் சொல்லவில்லை. ஒரு ஆள் இருந்தான், அவசரக்காரன் என்றான். அவசரமா? நீங்கள் சப்பாத்துக்குப் பொலிஷ் போட அரை மணித்தியாலம் எடுப்பீர்கள். நான் கொப்பியில் அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இதை என்னால் முடிக்க முடியுமென்று.

யோகன் என்னை மதியச் சாப்பாட்டு அறையில் கண்டான். கரண்டி கையில் இருக்க அப்படியே நின்றான். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து தன் சாப்பாட்டை வெளியே காருக்குள் வைத்துச் சாப்பிட்டான், உறைபனிக் காலத்திலும்.

ஆறு மாதத்தில் என்னைப் பரிசோதனை மேசைக்கு மாற்றினார்கள். அங்கே இடுக்கி போல ஒரு கருவி உண்டு. கம்பியைக் கவ்வி அமத்தினால் முள் ஓடி இறுக்கத்தைக் காட்டும். நாளுக்கு எத்தனை தரம் அமத்தினேன் என்று கேட்காதேங்கோ, உள்ளங்கை தடித்துவிட்டது. இரண்டாவது உலைக்குப் போகாத வெட்டுத் துண்டுகளை எடுத்து வளைத்து, வளைவிலும் நேரிலும் அளந்து பார்ப்பேன். ஒவ்வொரு தரமும் நீங்கள் சொன்னதுதான் வந்தது. வளைவில் முள் ஏறும். நேரான இடத்தில் கீழே நிற்கும். உலை கண்ட துண்டுகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் நின்ற கயானாக்காரி டொறீன், ஏன் குப்பையை எல்லாம் அளக்கிறாய் என்று கேட்டாள். பழகுகிறேன் என்றேன்.

ஆனால் உங்கள் கம்பி வேண்டும். அறிக்கையின்படி அதை உருக்கப் போட்டாகிவிட்டது. நான் நம்பவில்லை. மதிய நேரத்தில் கழிவுத் தொட்டிகளைக் கிளறிக்கொண்டே இருந்தேன். வாரக்கணக்கில் தேடினேன். ஒருநாள் பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. யோகன்.

"அக்கா, அது அங்க இல்ல. என்னட்ட இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பரிசோதனை மேசைக் கருவியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி மல்வேர்னுக்குப் போனேன். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அறை எடுத்து இருந்தான். சுவரில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் உள்ள படம். தேத்தண்ணி போடட்டா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கட்டிலுக்குக் கீழிருந்து பழைய சாரத் துணியில் சுற்றிய ஒன்றரை முழக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். நடுவில் வளைவு. இரண்டு பக்கமும் நேர்.

"ஏன் வைச்சிருந்தனீ?"

"றொன் உருக்கப் போடச் சொன்னான். எறிய மனம் வரல்ல, அக்கா."

நேரான பகுதியைக் கருவியால் கவ்வினேன். முள் பாதியில் நின்றுவிட்டது. வளைவைக் கவ்வினேன். ஏறியது. மறுபடி நேரான பகுதி. மறுபடி வளைவு. அவன் முள்ளைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தினை கட்டு?" என்று கேட்டேன்.

அவன் சாரத்தை இழுத்து மடிக்கத் தொடங்கினான்.

"யோகன், நீதானே பொத்தான் அமத்தினனீ. எத்தினை கட்டு?"

"ஒண்டு. ஒரு கட்டுத்தான் அக்கா. றொன் சொன்னான், ரெண்டு பேரில ஒராள் பிழை விட்டிருக்கோணும், நீயா அவரா எண்டு. அண்ணன் செத்துப்போனார். எனக்குப் பிள்ளையள் இருக்கு."

அவன் அழுதான். மனைவி பிள்ளைகளை இந்த நாட்டுக்குக் கூப்பிடும் மனு பாதியில் இருக்கிறது, வேலை போனால் அதுவும் போய்விடும், அவர்கள் வந்து இறங்கும்வரை பொறுங்கோ என்று கேட்டான். ஒரு வருடம், கூடினால் ஒன்றரை. நீங்கள் இருந்திருந்தால் பொறுத்திருப்பீர்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறேன்.

நான் பொறுக்கவில்லை. "வியாழக்கிழமை நான் அரசாங்கப் பரிசோதகருக்கு எழுதுறன். உன்ர பேரும் அதில வரும். நீயாய் வந்து சொன்னால் ஒரு மாதிரி, நான் சொல்லிக் கூப்பிட்டு வந்தால் இன்னொரு மாதிரி" என்றேன். கம்பியைச் சாரத்தோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தேன்.

அரசாங்கப் பரிசோதகர் கடிதத்துக்குப் பதில் போட மூன்று மாதம் எடுத்தார். பிறகு தொழிற்சாலையின் கூட்ட அறையிலேயே விசாரணை வைத்தார்கள். மேசையின் ஒரு பக்கம் மனேஜரும் றொனும். மறுபக்கம் பரிசோதகரும் வெளி ஆய்வுகூடத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும். கதவோரமாக யோகன். அவன் தானாகவே வந்திருந்தான். பரிசோதனை மேசையிலிருந்து நான் ஏன் வந்திருக்கிறேன் என்று றொனுக்கு விளங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்காட்ட வந்தவள் என்று நினைத்திருப்பான்.

யோகன் முதலில் எழுந்து, ஒரே ஒரு கட்டு என்று சொன்னான். எத்தனை கட்டு என்று பரிசோதகர் இன்னொரு தரம் கேட்டார். ஒன்று. முதலில் ஏன் இரண்டு என்றாய்? யோகன் றொனைப் பார்த்தான். பரிசோதகர் அதை எழுதிக்கொண்டார்.

ஆய்வுகூடப் பெண் கம்பியைத் தன் கருவியால் வளைவிலும் இரண்டு பக்கத்திலுமாகப் பத்து இடத்தில் அளந்தாள். வளைவில் எல்லையைத் தொட்டது. நேரான பகுதியில் அதன் கிட்டவும் வரவில்லை. அப்போது மனேஜர், ஒன்றரை வருடத்துக்கு மேலாக எங்கேயோ கிடந்த துண்டு, காலப்போக்கில் மெத்தென்று ஆகியிருக்கும் என்றார். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றாமலே பதில் சொன்னாள். இந்தக் கம்பி சும்மா கிடந்தால் கொஞ்சம் இறுகுமே தவிர மெத்தென்று ஆகாதாம். அப்படி இறுகிய பிறகும் இவ்வளவுதான் இருக்கிறது என்றால் விபத்து நடந்த அன்று எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள் என்றாள். இன்னொன்றும் சொன்னாள்: இரண்டாவது உலை கண்ட கம்பியாக இருந்தால், அறிக்கையில் எழுதியபடி இரண்டு கட்டுத் தொங்கினாலும் அந்தச் சட்டம் வளைந்திருக்காது.

விளங்குகிறதா உங்களுக்கு? அவர்கள் சொன்ன பொய் உண்மையாக இருந்திருந்தாலும் நீங்கள் உயிரோடு இருந்திருப்பீர்கள்.

பரிசோதகர் என்னிடம் திரும்பி, இந்தக் கம்பியைப் பற்றி எழுதிய நீங்கள் யார், பரிசோதனைப் பிரிவா என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தேன். இறந்தவரின் மனைவி என்றேன். றொனின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் வாய் கொஞ்சம் திறந்தது. பாதுகாப்பு வகுப்பில் அவன் சொன்னதைக் கொப்பியிலிருந்து வாசித்தேன், ஒரு சொல் விடாமல். அவசரக்காரன் என்ற சொல்லை இரண்டு தரம் வாசித்தேன். அது எழுதியிருந்தது ஒரு தரம்தான்.

றொன் கடைசியில், எனக்குச் சொன்னதைத்தான் செய்தேன் என்றான். சொல்லும்போது அவன் பார்த்தது மனேஜரை. மனேஜர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் அளக்கச் சொன்னது யார் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு கிழமையில் றொன் போனான். ஒரு காட்போட் பெட்டியில் தன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பக்கவாசலால் போனான். நான் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு வாசலில் நின்றேன். அவன் கடந்து போக நான் வழிவிடவேண்டியிருந்தது. மெதுவாக விட்டேன். பழிவாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று எல்லாரும் சொல்லுவார்கள். எனக்கு அப்படி இல்லை. சந்தோசமாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து மீன் பொரித்துச் சாப்பிட்டேன், நீங்கள் போன பிறகு முதல் தரம்.

யோகனும் வேலையை இழந்தான். பொய்ச் சாட்சி சொன்னவனை எந்தத் தொழிற்சாலை வைத்திருக்கும்? மனைவி பிள்ளைகளின் மனு பின்தள்ளிப் போய்விட்டது. மட்டக்களப்பிலிருந்து அவள் என்னைச் சபிக்கிறாளாம். சபிக்கட்டும், அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் படம் மட்டும் சில நேரம் சோற்றுக்குள் கல்லுப் போல வந்து பல்லில் கடிபடும். எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுகிறேன். யோகனை நான் மன்னிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

எங்கள் கட்டடத்து நாலாம் மாடி அன்ரி இதையெல்லாம் கேள்விப்பட்டு வந்து, அடிபட அடிபடத்தான் மனிசர் உரமாவினம் பிள்ளை என்றா. நான் அலுமினியம் இல்லை அன்ரி என்றேன். அவவுக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும்.

போன மாதம் மனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். பழைய அறிக்கையை அரசாங்கம் தள்ளிவிட்டது, கம்பெனியின் மேலும் அவர் மேலும் வழக்குப் போட்டிருக்கிறது என்பது உங்களுக்கு நல்ல செய்தி; அவருக்கு அது நித்திரையைக் கெடுக்கிற செய்தி. உங்கள் நினைவாகச் சாப்பாட்டு அறையில் பெயர் பொறித்த தகடு ஒன்று வைக்க விரும்புகிறார்களாம். பரிசோதனைப் பிரிவுக்கு என்னையே பொறுப்பாக்குவார்களாம். அதற்குப் பதிலாக, குடும்பத்துக்கு இனி மனக்குறை ஏதும் இல்லை என்று நீதிமன்றத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதவேண்டும். கடிதத்தை அவர்களே தட்டச்சுச் செய்து வைத்திருந்தார்கள். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை. சுட்டிக்காட்டினேன்.

பிறகு கேட்டேன், அந்தத் தகட்டை எதில் செய்வீர்கள், இரண்டாவது உலை கண்டதிலா, காணாததிலா என்று. அவர் முகம் சிவந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். வேலையை விடவில்லை. காலையில் அவர் உள்ளே வரும் நேரத்துக்கு என் மேசை வாசலுக்கு நேரே இருக்கும்படி டொறீனோடு இடம் மாற்றிக்கொண்டேன்.

வரும் சித்திரையில் வழக்கு. முன்வரிசையில் இருப்பேன். அவர் எழுந்து நிற்கும்போது முதலில் என்னைத்தான் பார்க்கவேண்டும், அந்த இடத்தைப் போன கிழமையே போய்ப் பார்த்து வைத்திருக்கிறேன். உங்கள் பெயரை நீதவான் வாயால் பிழையில்லாமல் சொல்லவேண்டும்; பிழையாகச் சொன்னால் எழும்பித் திருத்துவேன். உங்களில் குற்றம் இல்லை என்ற சொல்லைக் காதால் கேட்கும்வரை ஒருவரோடும் சமாதானம் இல்லை. என்னோடும்தான். அன்றைக்கு நான் பேசாமல் இருக்கமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

பேசாமல் இருங்கோ என்று சொன்ன வாய்க்குச் சொந்தக்காரி,
உங்கள் மனைவி
இந்திராணி சிவகுருநாதன்